அவளைச் சேலை கட்டச் சொல்ல மாட்டேன்

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது முழுவதையும் கேட்டுக்கொண்டேன். பதிலுக்கு நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் நீ அதை முடிக்க விடுவதில்லை. பெங்களூர் போனதிலிருந்து இந்தப் பழக்கம் உனக்கு வந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதன் ஒரு படியை நம் தேவாலயத்தின் பங்கு மடலில் போடவும் கொடுக்கிறேன். கோபப்படாதே. உன் மனைவி அலுவலகத்துக்கு என்ன உடுத்திப் போகிறாள் என்ற செய்தி நாலு வாய் கடந்துதான் உன் காதுக்கு வந்தது. பதிலையும் நாலு பேர் படிக்கட்டும். அமலாவிடம் முதலில் கேட்டுக்கொண்டேன். "உன் பேரைப் போடலாமாத்தா?" என்றேன். "தாராளமாப் போடுங்க அத்தை, இனிஷியலோட போடுங்க" என்றாள். இனிஷியல் வேண்டாம் என்று நான்தான் விட்டுவிட்டேன். அவளுடைய மேனேஜரின் பெயரையும் எழுதவில்லை. அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

நீ என்னிடம் கேட்டது இதுதான். அமலா இனிமேல் சேலை கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும். முடியாது என்றால் இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிட வேண்டும். "நீங்க சொன்னா கேப்பாம்மா. உங்களவிடக் கண்டிப்பா யாரு இருக்கா?" என்றாய். கண்டிப்பானவள்தான். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். அந்தக் கண்டிப்பு எதற்காக என்பதைத்தான் என்னோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நீ தெரிந்துகொள்ளவில்லை.

நான் படித்தது கன்னியர் மடத்துப் பள்ளியில், விடுதியில் தங்கி. காலை ஜெபம் முடிந்ததும் வராந்தாவில் வரிசையாக நிற்போம். தலைமைச் சகோதரி ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வருவார். முழங்காலிடச் சொல்வார், பாவாடையின் விளிம்பு தரையைத் தொட வேண்டும். தாவணியில் ஊக்கு குத்தியிருக்க வேண்டும், ஆனால் ஊக்கு வெளியே தெரியக் கூடாது. ஒருமுறை ஒரு பெண் துணிச்சலாக, "இங்க யாரு சிஸ்டர் நம்மளப் பாக்கப் போறா?" என்று கேட்டுவிட்டாள். அடி விழும் என்று நினைத்தோம். "யாரும் பாக்கிறதுக்காக இல்ல. நீ ராத்திரி வரைக்கும் அதத் தொடாம இருக்கணும், அதுக்காக" என்றார் அவர். நிமிஷத்துக்கு ஒருமுறை தாவணியை இழுத்துவிட்டுக்கொள்கிற பெண்ணால் பாடத்தில் மனதை வைக்க முடியாது என்பது அவர் கட்சி. மடத்தில் சொல்லிக்கொடுத்த பலவற்றை நான் பிறகு விட்டுவிட்டேன். இதை மட்டும் விடவில்லை. காலையில் உடுத்தினால் அதோடு அந்த நினைப்பு முடிய வேண்டும். மற்ற நேரமெல்லாம் வேலைக்கு.

கல்யாணம் முடிந்து அமலா நம் வீட்டிலிருந்து முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது நீ பெங்களூருக்கு ரயில் ஏறியிருந்தாய். பச்சைச் சுடிதார், வெள்ளைத் துப்பட்டா. வாசலில் நிறுத்தி, "திரும்பு" என்றேன். திரும்பினாள். துப்பட்டா ஒரு தோளில் மட்டும் தொங்கியது. ஸ்கூட்டியில் போனால் நேரே சக்கரத்துக்குள் போகும். மேல்சட்டையின் பக்கத்துப் பிளவு இடுப்பை எட்டிப் பார்த்தது. கொலுசு வேறு. "துப்பட்டாவை ரெண்டு தோள்லயும் ஊக்கு குத்து. அந்தப் பிளவ ரெண்டு விரக்கடை தச்சு எறக்கு. கொலுசக் கழத்தி வச்சிட்டுப் போ, நீ வாரத ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம்" என்றேன். "அத்தை, போலீஸ் வேலைக்குக்கூட இம்புட்டுப் பாக்க மாட்டாங்க" என்றாள். "பாக்கலங்கிறதுதான் அவுங்க தொப்பையிலயே தெரியுதே" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் அத்தனையையும் சரிசெய்துகொண்டு வந்தாள். அன்று அவள் வேலைக்குப் போகத் தாமதமானதற்கு நான்தான் காரணம். அன்றிலிருந்து அவளைத் திருப்பி நிறுத்திப் பார்க்க எனக்கு அவசியமே வரவில்லை.

பங்கு மடலில் படிப்பவர்களுக்காக அவள் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் பால் கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. திண்டுக்கல்லில் அலுவலகம், ஆனால் மேசைக்கு முன்னால் உட்காருவது பாதி நாள்தான். மீதி நாள் வடமதுரையிலும் சேவுகம்பட்டியிலும் இருக்கிற குளிரூட்டும் நிலையங்களுக்கு ஸ்கூட்டியில் போக வேண்டும். ஊர்களிலிருந்து வருகிற பாலைச் சோதித்து, சரியாக இருந்தால் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். உன்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனபோதே அவள் இந்த வேலையில்தான் இருந்தாள். "கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போகட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவள் அப்பாவிடம் சொன்னவன் நீ. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மேனேஜர் கதைக்கு வருகிறேன். உன்னிடம் பேசுவதற்கு முன்னால் அவர் என்னிடம்தான் வந்தார். அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்த கையோடு வந்துவிட்டார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர், பணிவான மனிதர். காபி கொடுத்தேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மருமக தங்கமான பொண்ணுங்க. வேலையில ஒரு சொல்லுச் சொல்ல முடியாதுங்க."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"உடுப்புத்தானுங்க. வர்றவங்க பூராவும் கிராமத்து ஆளுங்க. சுடிதார்ல பாத்தா ஏதோ காலேஜுப் புள்ளைன்னு நெனைச்சுக்குவாங்க. சேலையில வந்தா ஒரு மரியாதைங்க."

"யாராவது மரியாதைக் குறைவாப் பேசுனாங்களா?"

"இதுவரைக்கும் இல்லீங்க. பேசிருவாங்களோன்னுதானுங்க."

"இத அவகிட்டயே சொல்லலாமே? தெனமும் உங்க முன்னாலதான இருக்கா?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பொம்பளப் புள்ளைகிட்ட உடுப்பப் பத்தி நேர்ல எப்படீங்க பேசறது? வீட்டுல பெரியவங்க காதுல போட்டு வைக்கிறதுதானுங்களே முறை."

முறை. இந்தச் சொல்லை நான் முதல் தடவை கேட்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். "அப்படின்னா உங்க வீட்டு போன் நம்பரக் குடுங்க" என்றேன்.

"எதுக்குங்க மேடம்?"

"உங்க சட்டையில மேல ரெண்டு பட்டன் தொறந்து கெடக்கு. பாக்கெட்டுல மை கசிஞ்சு இருக்கு. இத ஒரு ஆம்பளைகிட்ட நேர்ல எப்படிச் சொல்றது? உங்க சம்சாரத்துக் காதுலதான போட்டு வைக்கணும்?"

அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தது. அமலா சிரிப்பை அடக்க முயன்றிருக்கிறாள். மேனேஜர் இரண்டு பட்டனையும் போட்டுக்கொண்டார். "மேடம் மேடம்தானுங்க" என்று அவரும் சிரித்தார். காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை, அப்பு. அவர் கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம். நம் குடும்பத்துக்கு ஏதோ உதவி செய்கிறோம் என்று மனதார நம்புகிறார். அதனால்தான் என்னிடம் ஆகவில்லை என்றதும் உன் நம்பரை எங்கோ விசாரித்துப் பிடித்து உன்னிடம் பேசியிருக்கிறார். நீயும் உடனே அமலாவைக் கூப்பிட்டுப் பேசினாய்.

மறுநாள் காலை அவள் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கல்யாணத்துக்கு நாம் எடுத்த நீலச் சேலை. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டதில் எனக்கு வேலை இல்லை. கொசுவம் நேராக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், விழுந்திருந்தது. சாயங்காலம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தவளுக்கு முன்னால் புளித்த பால் வாடை உள்ளே வந்தது. வடமதுரை நிலையத்தில் கேன் கழுவுகிற தண்ணீரும் சிந்துகிற பாலுமாகத் தரை எந்நேரமும் ஈரம்தானாம். முழங்கால் வரை சேலை நனைந்து, காய்ந்து, விறைத்துப் போயிருந்தது. "என்னத்தா ஆச்சு?" என்றேன். குளிக்கக்கூடப் போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சேலையத் தூக்கிப் பிடிச்சா சாம்பிள் பாட்டில பிடிக்கக் கை இல்ல அத்தை. இடுப்புல சொருகுனா கெண்டைக்கால் தெரியுது. அதுகூடப் போகட்டும். டேங்கர் லாரி வந்துச்சு. பின்னால இருக்க ஏணியில ஏறி, மேல்மூடியத் தொறந்து நான்தான் பால் எடுக்கணும். பாதி ஏறிட்டேன். கீழ டிரைவரு, கிளீனரு, கேன் எறக்குறவுங்க எல்லாம் நிக்கிறாங்க. அம்புட்டுப் பேரும் அண்ணாந்து பாக்குறாங்க. மூணு வருசமா சுடிதார்ல ஏறுறேன், ஒருத்தரும் பாத்ததில்ல. இன்னைக்குப் பாத்தாங்க."

"பெறகு?"

"எறங்கிட்டேன். கிளீனரு, நான் எடுத்துத் தாரேன் மேடம்னாரு. அவரு எடுத்துக் குடுக்கிற பாலுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட? வாட்ச்மேன்கிட்ட அவரு மழைக்கோட்டு பேண்ட வாங்கி, சேலைக்கு அடியில மாட்டிக்கிட்டு, சேலையச் சுருட்டி இடுப்புல கட்டிக்கிட்டு ஏறுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். பாலு என் கையால எடுத்ததுதான்."

நானும் முதலில் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டாள். அந்த வாடையோடு அவளை அணைத்துக்கொண்டேன். நீ கேட்ட மரியாதையான உடுப்பு இதுதான், அப்பு. கல்யாணச் சேலைக்குக் கீழே வாட்ச்மேனின் மழைக்கோட்டுக் கால்சட்டை. மூன்று வருடமாக அந்த ஆட்களுக்கு அவள் பால் பார்க்கிற மேடம். அன்று ஒரு நாள் வெறும் பெண்ணாகத் தெரிந்தாள் என்றால், அதைச் செய்தது சுடிதார் இல்லை. "நாளைக்கு என்ன உடுத்தட்டும் அத்தை?" என்று கேட்டாள். "என்னக் கேக்காத. ஏணியில ஏறப் போறது நானா?" என்றேன். மறுநாள் பழையபடி சுடிதாரில் போனாள். அந்தச் செய்தியும் உனக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாய்.

முறை என்ற சொல்லை முன்பு எங்கே கேட்டேன் என்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உன் அப்பா இறந்த பிறகு, அவர் வேலை பார்த்த அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். உனக்கு அப்போது பதினொரு வயது. துக்கம் முடிகிறவரை நான் வெள்ளைதான் உடுத்தினேன். யாரும் சொல்லி உடுத்தவில்லை. வேறு எதையும் எடுக்கக் கை வரவில்லை. வேலையில் சேர வேண்டிய நாள் வந்தபோது பீரோவைத் திறந்து, சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்தேன். அரக்கு நிறத்தில் மஞ்சள் புள்ளி. முந்தின நாளே கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு போய் உன் அப்பா உட்கார்ந்த பிரிவிலேயே உட்கார்ந்தேன். துக்கம் என்னுடையது, அப்பு. அதை எத்தனை நாள் உடுத்துவது, எப்போது மடித்து வைப்பது என்பதை அலுவலகம் தீர்மானிக்க நான் விடவில்லை.

ஒரு வாரத்துக்குள் உன் பெரியப்பா கையில் ஒரு பையோடு வந்தார். பைக்குள் புதிதாக இரண்டு வெள்ளைச் சேலைகள். அலுவலகத்துத் தலைமை எழுத்தர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், நேரே உன் பெரியப்பாவின் கடைக்குப் போய் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஏத்தா, எனக்கு இதச் சொல்லவே கூசுது. ஆபீஸ்ல வருத்தப்படுறாங்க. பரிதாபப்பட்டுக் குடுத்த வேலை. கொஞ்சம் பரிதாபமா இருக்க வேணாமா? நாலு பேரு வந்து போற எடம்."

"அந்த நாலு பேரும் அவுங்க ஃபைல் என்னாச்சுன்னு கேக்க வாராங்க அத்தான். என்னப் பாக்க வரல."

"அதுக்கில்லத்தா. ஒரு முறை இருக்குல்ல?"

"என் உடுப்பப் பத்தி உங்க கடையில வந்து பேசுறதுதான் முறையா? உங்க சட்டையப் பத்தி யாராவது உங்க வீட்டுல அக்காகிட்ட வந்து பேசியிருக்காங்களா?"

அவர் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். நல்ல துணி, வீணாக்க மனம் வரவில்லை. இரண்டையும் வெட்டி முன்னறை ஜன்னல்களுக்குத் திரை தைத்தேன். நீ பத்தாவது முடிக்கிறவரை அந்தத் திரைகள் நம் வீட்டில் தொங்கின. அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நீ படித்தாய். மறுநாளும் நான் வண்ணச் சேலையில்தான் வேலைக்குப் போனேன். தலைமை எழுத்தர் வெகுநாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஃபைலை ஆள் மூலம் அனுப்புவார். ஃபைல் வந்தால் போதும் என்று இருந்தேன். ஓய்வு பெறும்போது அவர் உட்கார்ந்ததற்கு மேலான நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு அழகாகக் கஞ்சி போட்டது காரணம் இல்லை. வேலை காரணம்.

அந்த வருடம் உன் பள்ளியில் பெற்றோர் தினம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் வந்து, "அம்மா, நாளைக்கு நீங்க வெள்ளச் சேல கட்டிட்டு வாங்க. இல்லாட்டி வராதீங்க. பயலுக ஒரு மாதிரிப் பேசுறானுங்க" என்றாய். நான் அதே அரக்குச் சேலையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் பரிசு வாங்கிய நீ எல்லாப் பக்கமும் பார்த்தாய், நான் இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழி முழுவதும் எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தாய். நான் உன்னைக் கூப்பிடவும் இல்லை, எட்டிப் பிடிக்கவும் இல்லை. உனக்குப் பதினொரு வயது. ஊர் சொல்வது பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் இன்று உனக்குப் பதினொரு வயது இல்லை. அன்று உன் வகுப்புப் பயல்கள் பேசியதற்கு நீ என்னிடம் வந்தாய். இன்று ஒரு மேனேஜர் பேசியதற்கு அமலாவிடம் போகிறாய். எதிரே நின்று, "இதப் பத்தி அவகிட்டப் பேசுங்க, என்கிட்ட எதுக்குப் பேசுறீங்க?" என்று ஒருவரிடமாவது கேட்டாயா? கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை.

நான் எதுவும் உடுத்தலாம் என்று சொல்கிறவள் இல்லை, அது உனக்குத் தெரியும். கசங்கிய துணியில் வேலைக்குப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. குனிந்தால் சரிகிற முந்தானை, கையைத் தூக்கினால் மேல் அலமாரியை எட்டவிடாத இறுக்கமான ரவிக்கை, உள்ளே இருப்பதை வெளியே காட்டுகிற மெல்லிய துணி, இவற்றில் எதுவும் அலுவலகத்துக்கு ஆகாது. சுடிதாரில் வந்தாலும் ஆகாது, சேலையில் வந்தாலும் ஆகாது. என் பிரிவில் இருந்த பெண்களிடம் இதை நேருக்கு நேர் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பியதில்லை. பட்டன் போடாமல் வந்த ஆண்களிடமும் அதே குரலில் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குத்தான் அதிகம் கோபம் வந்தது. செய்கிற வேலைக்கு உடுப்பு ஒத்துவர வேண்டும். தூரத்தில் இருக்கிற புருஷனின் மனநிம்மதிக்கு அது ஒத்துவர வேண்டும் என்று எந்த மடத்திலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதப் போவதில்லை. இறந்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. நான் சொல்வதை நானே சொல்கிறேன். அமலாவைச் சேலை கட்டச் சொல்ல மாட்டேன். வேலையை விடச் சொல்லவும் மாட்டேன். நீ சொல்லி அவள் அரைமனதோடு விடுவதாக இருந்தால், என் வாய் சும்மா இருக்காது என்பதையும் இப்போதே தெரிந்துகொள். உன்மேல் உள்ள பிரியத்தில், பெங்களூரில் அவள் தகுதிக்கு ஒரு வேலை தேடிக்கொண்டு, அவளாக வருவதென்றால் நானே பெட்டி கட்டி ரயில் ஏற்றிவிடுவேன். அதுவரை இது அவள் வீடு. இந்த வீட்டில் அவள் உடுப்பைப் பற்றிப் புகார் வாங்குகிற ஆள் யாரும் இல்லை என்று மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன். "சரீங்க மேடம், இனிமே அவங்ககிட்டயே பேசிக்கிறேனுங்க" என்றார். பார், அவருக்கே முடிகிறது.

இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவளுக்குச் செய். சாயங்காலம், அவள் குளித்துவிட்டு வந்த பிறகு செய். என்ன உடுத்திப் போனாய் என்று கேட்காதே. இன்றைக்கு வந்த பால் எப்படி இருந்தது என்று கேள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. அவளுக்கு என்ன வேலை என்று நீ ஒரு நாள்கூட அவளைக் கேட்டதில்லையாம்.

அம்மா